போறவள் கேத்தில் வைப்பாளா?

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
17 மார்ச் 2025

தனோஜனுக்கு,

நீ இன்னும் கோபமாகத்தான் இருப்பாய். இருந்துகொள். உன் எண்ணை நான் தடுத்து வைத்ததற்குக் காரணம் நீ அனுப்பிய குரல் பதிவு. என் குரலில் என்னென்ன குறை என்று ஒருவன் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் சொல்வதைப் பேருந்தில் உட்கார்ந்து கேட்டேன். இனிமேல் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது. காகிதம் என்றால் பிடிக்காத இடத்தில் கிழித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை என் வீட்டில் நடந்ததை நீ வேறு மாதிரி ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்வி. அதனால் நானே எழுதிவைக்கிறேன். நான்கு வருடமாக நாம் இரண்டு பேரும் ஜப்பானியப் பாடகி நட்சுவே ஒகிதாவின் பாட்டுகளைத் தமிழில் பாடுகிறோம். நீ வார்த்தை எழுதி கிட்டார் வாசிக்கிறாய், நான் பாடுகிறேன். அதில் 'கேத்தில்' தான் நம் பெரிய பாட்டு. உன் ஊர்த் தமிழில் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டில். ஒரு பெண் அடுப்பில் கேத்திலை வைக்கிறாள். தலையில் துணி கட்டுகிறாள். காலி மண்ணெண்ணெய்க் கேனைக் கையில் எடுக்கிறாள். தூங்குகிற குழந்தையைப் பார்க்கிறாள். கதவைத் திறந்து "போறன்" என்கிறாள். பாட்டு அங்கேயே முடிந்துவிடும். கர்க்லாண்டில் யார் வீட்டு பேஸ்மென்ட்டில் பாடினாலும் மாமிகள் மூக்கைச் சிந்துவார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு கடைசித் தந்தியை அதிரவிடுவாய். அந்த மண்ணெண்ணெய்க் கேன் பெண்ணினத்தின் சுமை என்று விளக்கம் வேறு சொல்வாய்.

நான் சனிக்கிழமை சொன்னது இவ்வளவுதான்: அந்தக் கடைசிச் சொல் தப்பு. எங்கள் ஆய்வகத்துக்கு ஜப்பானிலிருந்து வந்திருக்கும் மயூமியிடம் பாட்டைப் போட்டுக் காட்டி, நாம் தமிழில் என்ன பாடுகிறோம் என்றும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நட்சுவே பாடுவது 'இத்தெ குரு'. இத்தெ என்றால் போய். குரு என்றால் வருவது. போய்விட்டு வருகிறேன்! பள்ளிக்கூடம் போகிற ஜப்பானியப் பிள்ளை தினமும் வாசலில் சொல்கிற வார்த்தை. நீ பெரிய பிரெஞ்சு வாத்தியார் ஆயிற்றே, இசைத்தட்டு உறையில் இருந்த பிரெஞ்சைப் பார்த்து எழுதினாய். அதை மொழிபெயர்த்தவன் 'ஜ மான் வே', நான் கிளம்பிப் போகிறேன், என்று போட்டான். நீ 'போறன்' என்று போட்டாய். பிரெஞ்சுக்காரனையாவது விட்டுவிடலாம், அவனிடம் அந்த வார்த்தை இல்லை. நம்மிடம் இருக்கிறது. செருப்பு மாட்டும்போதெல்லாம் சொல்கிறோம். மூலைக்கடைக்கு, மாண்ட்ரீல் பாஷையில் தெப்பனருக்கு, மண்ணெண்ணெய் வாங்கப் போனவளுக்காக நான்கு வருடம் இந்த ஊரை அழவைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும் நீ கிட்டாரைப் பெட்டியில் வைத்து, "அப்ப நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாய். எங்கள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்கூட "வரேன்" என்றுதான் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்வார்கள்.

இப்போது விஷயம். 'கேத்தில்' பாட்டின் உரிமை பழைய கம்பெனியிடமிருந்து நட்சுவேயின் கைக்குத் திரும்பியிருக்கிறது. நாம் கேட்டதற்குச் சரி என்று பதில் வந்துவிட்டது. மே 24, சனிக்கிழமை, ஒலிப்பதிவுக் கூடம் பிடித்திருக்கிறேன். தப்பான சொல்லோடு நான் பாடமாட்டேன். திருத்தித் தருவதாக இருந்தால் நீ வா. இல்லையென்றால் ராகவ் கிட்டார் வாசிப்பான்.

ஏப்ரல் 26 அவளே மாண்ட்ரீலுக்கு வருகிறாள். உன் டிக்கெட் இதோடு இருக்கிறது. பயப்படாதே, நம் இருக்கைகள் பக்கத்தில் இல்லை.

ஷ்ருதி


அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்
25 மார்ச் 2025

ஷ்ருதிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உருளைக்கிழங்குக்கு வரும் நோயைப் பற்றி எழுதுகிறவருக்கு மனிதர்களைப் பற்றியும் இவ்வளவு எழுத வரும் என்று எனக்குத் தெரியாது.

முதலில் மரியாதை. 'இருந்துகொள், எழுது, வா, பயப்படாதே.' நான் உமது வீட்டுத் தம்பியா? எங்கள் ஆட்கள் சின்னப்பிள்ளையைக்கூட 'நீர்' என்று கூப்பிடுவார்கள். நான் 'நீர்' என்றால் நாடகத்து ராசா வந்துவிட்டார் என்று நீர் சிரிப்பீர். நான்கு வருடமாகச் சிரிக்கிறீர். சிரியும்.

அடுத்தது பாட்டு. நட்சுவே பாடுகிறவர் இல்லை, கதைக்கிறவர். கிட்டாரின் கீழ்த் தந்திகள் இரண்டையும் தளர்த்திவிட்டு, தம்புரா மாதிரி ஒரே சுரத்தை முழங்க விடுவார். அதற்கு மேல், பக்கத்து வீட்டுக்காரியோடு வேலியில் நின்று கதைப்பதுபோல வரியைச் சொல்லிக்கொண்டு போவார். வரியின் கடைசி எழுத்தை விழுங்குவார். தலைநகரத்து ஆட்களுக்கே விளங்காத வடக்குக் கடற்கரைப் பேச்சு. அதனால்தான் அதற்கு யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொல் வைத்தேன். நீர் என்ன செய்தீர்? 'கேத்தில்' என்ற நான்கெழுத்து முடிவதற்குள் சங்கராபரணத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சபையில் பொன்னாடைக்கு நிற்பவர் போல இறக்கி வைப்பீர். கேத்தில் கொதிக்க வேண்டும், ஷ்ருதி. ஆலாபனை செய்யக்கூடாது.

இப்போது அந்தச் சொல். சொல்லின் பொருள் அகராதியில் இல்லை, சொன்ன ஆளில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் அவருக்கு முதல் இசைத்தட்டு. இரண்டாவதில் கம்பனிக்காரர் அவரைக் கேளாமலே ஒரு வயலின் பட்டாளத்தைச் சேர்த்தார்கள். அந்தத் தட்டில்தான் 'கேத்தில்' இருக்கிறது. நாடு முழுக்க விற்றது. தொலைக்காட்சியில் அதே வயலின்களோடு பாட நிறுத்தினார்கள். மூன்று வரி பாடினார். கிட்டாரை, உட்காரப் போட்டிருந்த கதிரையில் வைத்தார். நேரடி ஒளிபரப்பிலேயே நடந்து வெளியே போனார். பிறகு பல வருடம் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இப்படிப்பட்ட மனுசி, "தெப்பனருக்குப் போட்டு வாறன்" என்றா பாட்டை முடித்திருப்பார்? உமது மயூமி வேண்டிய மட்டும் சிரிக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும் சொல்லை, திரும்பி வராதவள் சொல்கிறாள். அதுதான் பாட்டு. அதைக் கேட்கக் காது வேண்டும், அகராதி போதாது.

அன்றைக்கு நான் "போறன்" என்றதும் அறிந்துதான் சொன்னேன். பிழையான இடத்தில் நிற்பதைவிடப் போவது மேல். ராகவை வைத்து வாசிப்பியும். அவர் எந்தப் பாட்டுக்கும் ஒரே சினிமாத் தாளம் போடுகிறவர். உமது கமகத்துக்குப் பொருத்தமான சோடி.

டிக்கெட்டை வைத்திருக்கிறேன். நட்சுவேக்காக.

தனோஜன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
3 ஏப்ரல் 2025

தனோஜனுக்கு,

திரும்பி வராதவளாம். அப்படியென்றால் நீ முதன்முதலில் என் கையில் கொடுத்த பதிவு யாருடையது? ஐம்பது வயதுக்கு மேல் வந்து உட்கார்ந்து, ஒரு மைக், ஒரு கிட்டார், நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கிற மாதிரிப் பாடினாளே, அது ஆவியா? உனக்கு வசதியான இடத்தில் அவள் வாழ்க்கையை நிறுத்திக்கொள்கிறாய். டிவியிலிருந்து எழுந்து போனது உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது ஞாபகம் இல்லை.

நீ பெரிய காதுக்காரன், ஒன்று கேட்கிறேன். போறவள் கேத்தில் வைப்பாளா? என் அம்மா கேஸை மூடாமல் மாடிக்குத் துணி எடுக்கக்கூடப் போகமாட்டாள். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, பக்கத்தில் குழந்தையைத் தூங்கவிட்டுவிட்டு, காலிக் கேனையும் தூக்கிக்கொண்டு ஒருத்தி வீட்டை விட்டு ஒரேயடியாகப் போவாளா? அந்தக் கேனை வைத்து அவள் என்ன செய்வாள் என்று நீ ஒரு நாளாவது யோசித்ததுண்டா? சமையலறைப் பக்கமே போகாத ஆணுக்குத்தான் அது சுமை, குறியீடு, தத்துவமெல்லாம்.

எனக்கு ஏன் எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். நீ எல்லாவற்றிலிருந்தும் எழுந்து போகிறவன். வானொலி நிகழ்ச்சியை விட்டாய். றொசானின் குழுவை, கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே விட்டாய். ஒவ்வொரு முறையும் கொள்கை என்றாய். பாதியில் எழுந்து போகிறவர்களுக்குக் கொள்கை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்போல. அந்தப் பாட்டில் உனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. அதனால்தான் அந்தச் சொல்லைக் கைவிடமாட்டேன் என்கிறாய்.

ராகவோடு இரண்டு முறை பாடிப் பார்த்தேன். சுத்தமாக வாசிக்கிறான், நேரத்துக்கு வருகிறான், என்னைத் திட்டுவதில்லை. ஆனால் பாட்டு யாருடையதோ மாதிரி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. நாம் காதலர்களா என்று கர்க்லாண்ட் மாமி ஒருத்தி கேட்டாள். அதைவிட மோசம், நான்கு வருடம் ஒன்றாகப் பாடியவர்கள் என்றேன்.

'போயிட்டு வரேன்' என்று என் தமிழில் பாடினால் உன் மற்ற வரிகளோடு ஒட்டவில்லை. அதனால் 'போட்டு வாறன்' என்று பழகுகிறேன். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் யாரையோ போட்டுத் தள்ளிவிட்டு வருவதாக அர்த்தம். பரவாயில்லை. குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். வாறன், வாறன். அந்த 'ற' எனக்கு இன்னும் வரவில்லை. இப்போது நீ சிரிப்பாய். சிரி.

ஷ்ருதி


அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்
28 ஏப்ரல் 2025

ஷ்ருதிக்கு,

சனிக்கிழமை கண்ணால் கண்டீர்தானே? இனி என்ன சொல்லப் போகிறீர்?

எழுபது கடந்த மனுசி. முழங்கால் நோவாக்கும், கதிரையைப் பிடித்துப் பிடித்துத்தான் இருந்தார். வாயைத் திறந்ததும் அரங்கில் ஒருவரும் இருமவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் தந்தியைத் தளர்த்திக்கொண்டே பேசினார், அதுவும் பாட்டு மாதிரியே இருந்தது. உம்மைப் போல நீட்டவில்லை, குழைக்கவில்லை. கவனித்தீரோ தெரியாது.

கடைசியாகக் 'கேத்தில்'. துணியைக் கட்டினார், கேனை எடுத்தார், பிள்ளையைப் பார்த்தார். 'இத்தெ குரு' என்றார். பாடக்கூட இல்லை, சொன்னார். கிட்டாரைக் கதிரையில் சாய்த்து வைத்தார். திரும்பிப் பாராமல் மேடையை விட்டுப் போனார். அன்று தொலைக்காட்சியில் செய்ததையே மொன்றியலில் செய்து காட்டினார். அதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். அவர் காலாலேயே மொழிபெயர்த்துவிட்டார்.

நான் அந்த நிமிடமே எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் இருந்து கை தட்டுகிறவர்களோடு எனக்கு வேலை இல்லை. மெட்ரோவில் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் 'சா வா, மொசியூ?' என்று சுகம் கேட்டார். 'ஓம்' என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

ஆகவே என் முடிவு இது. 'போறன்' இல்லாமல் என் வரி ஒன்றையும் நீர் பாடக்கூடாது. ஒரு சொல்லும் தரமாட்டேன். மே 24 ராகவோடு ஏதாவது சினிமாப் பாட்டைப் பதிவுசெய்யும். மயூமிக்கு என் வணக்கத்தைச் சொல்லும். அகராதியை மூடி வைக்கச் சொன்னதாகவும் சொல்லும்.

தனோஜன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
5 மே 2025

மகா கனம் பொருந்திய தனோஜன் அவர்களுக்கு,

நீர் எழுந்து போனீர். நான் கண்டேன். உமக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, ராசா மாதிரியே போனீர். போதும், எனக்கு இந்த 'நீர்' வராது. நீ ஒரு முட்டாள், தனோஜன்.

அரங்கில் விளக்குப் போடவில்லை. அதைக் கவனித்திருந்தாலே போதும். யாரும் கை தட்டவுமில்லை. எல்லோரும் அந்த நாற்காலியையும் கிட்டாரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐயோ, அவன் சொன்னதுதான் சரியோ என்று நானே நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், அனுபவித்துக்கொள், ஏனென்றால் அடுத்த வரியில் முடிந்துவிடும்.

அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு கோப்பை தேநீர். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். 'ததைமா' என்றாள். என்னோடு வந்திருந்த மயூமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே போனவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது சொல்கிற சொல்லாம் அது. 'வந்துவிட்டேன்'. பிறகு கிட்டாரை எடுத்து, நாம் யாரும் கேட்டிராத ஒரு கடைசிப் பகுதியைப் பாடினாள்.

பாடி முடித்துவிட்டு அவளே சொன்னாள். மேடையில் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் பெண் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். பாட்டுக்கு முதலிலிருந்தே அந்தப் பகுதி உண்டாம். அவள் திரும்பி வருவதை யாரும் கேட்கமாட்டார்கள், போனதாகவே விட்டால்தான் ஜனங்கள் அழுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்களாம். டிவியில் அன்றைக்கு அவள் எழுந்து போனது வயலினுக்காக இல்லை. அந்தப் பெண்ணை வீட்டுக்குத் திரும்பவிடாத பாட்டை இனிப் பாடமாட்டேன் என்றுதான் போனாளாம். உரிமை கைக்கு வந்த பிறகு இதுதான் முதல் சுற்றுப்பயணம். முழுப் பாட்டையும் பாடத்தான் இந்த வயதில் கிளம்பியிருக்கிறாள்.

நீ மெட்ரோவில் அழுதாயே, அது அந்தக் கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்த அழுகை. வயலினைத் திட்டிக்கொண்டே நான்கு வருடம் அவன் பக்கமே நின்றிருக்கிறாய். நானும்தான் நின்றேன், கமகத்தோடு நின்றேன். ஆனால் நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்தக் கடைசிப் பகுதியை மயூமி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். தோளில் பனி. கேன் நிறைய மண்ணெண்ணெய். கேத்திலில் தண்ணீர் வற்றிப்போய்விட்டது. குழந்தை விழித்திருக்கிறது, ஆனால் அழவில்லை. வந்துவிட்டேன்.

நான் தமிழில் முயன்று பார்த்தேன். 'வெண்பனி சூடிய தோள்களிலே' என்று வந்தது. எனக்கே குமட்டியது. அழித்துவிட்டேன். இதை எழுத உன்னால்தான் முடியும். இதைச் சொல்வது எனக்குக் கேவலமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். நீ எழுதாவிட்டால் அந்தப் பெண் தமிழில் வீடு திரும்பமாட்டாள். பழைய படியே பாடி அவளை இன்னொரு முறை தெருவில் விட எனக்கு மனசு வராது. கூடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

24ஆம் தேதி காலை பத்து மணி. வா என்று கெஞ்சமாட்டேன்.

ஷ்ருதி


அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்
14 மே 2025

ஷ்ருதிக்கு,

நீர் பொய் சொல்கிறீர் என்று நம்பத்தான் விரும்பினேன். அரங்குக்குத் தொலைபேசி எடுத்து என் நல்ல பிரெஞ்சில் விசாரித்தேன். எடுத்த பிள்ளை, "அவர் திரும்பி வந்தாரே, மொசியூ, நீங்கள் நிற்கவில்லையா?" என்று கேட்டது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதையும் எழுந்து போனதாகவே நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

உமது கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது. எங்கே என்று சொல்லமாட்டேன்.

'வெண்பனி சூடிய தோள்களிலே' என்று எழுதியதை அழித்தது நல்லது. அப்படி ஒன்றை நினைத்ததற்கே உம்மைத் திரும்ப உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். நான் முதலில் எழுதியதும் அழகாகத்தான் வந்தது, அதனால் எறிந்துவிட்டேன். அவர் பாட்டில் அழகு என்பதே இல்லை என்று உமக்கு நான்கு வருடம் பிரசங்கம் வைத்தவனுக்கு, ஒரு மனுசி கடைக்குப் போய் வந்ததை எழுத ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள், எடுத்தது. இதோ:

போட்டு வாறன்.

தோளிலை பனி.
கான் நிறைய மண்ணெண்ணெய்.
கேத்திலிலை தண்ணி வத்திப்போச்சு.
பிள்ளை முழிச்சிருக்கு, அழேல்லை.
வந்திட்டன்.

ஒரு சொல்லிலும் கமகம் வேண்டாம். முக்கியமாகக் கடைசிச் சொல்லில். கதவைத் திறந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டு சொல்கிற மாதிரிச் சொல்லும். 'வாறன்' என்பதில் உமது 'ற' எப்படி வந்தாலும் நான் சிரிப்பேன், அதற்கும் ஆயத்தமாக இரும். இரண்டு பகுதிக்கும் நடுவில் நான் வாசிக்கமாட்டேன். சும்மா இருக்கப் போகிறேன். கேட்கிறவர்கள் அவள் போய்விட்டாள் என்று நினைக்கட்டும். யாராவது பாதியில் எழுந்து போனால் அது அவரவர் பாடு.

ராகவ் தன் கிட்டாரை வீட்டிலேயே வைக்கலாம். கிறீச்சிடுகிற பழைய கதிரை ஒன்று கிடைத்தால் மட்டும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லும்.

இன்னும் ஒரு திருத்தம். மார்ச் மாதம் உமது வாசலில் நான் "போறன்" என்றது மொழிபெயர்ப்புப் பிழை.

தனோஜன்